வெளிச்சம் கூடினால் பொம்மை மறையும்

நவராத்திரிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே எங்கள் குடியிருப்பில் அந்தக் கேள்வி கிளம்பிவிடும். "சார், கொலுவுக்கு எந்த எல்இடி நல்ல பவரா இருக்கும்?" கேட்பவர் மாறுவார், கேள்வி மாறாது.

கொலுப்படியை ஒட்டித் தரையில் ஒரு பூங்காவோ கிராமமோ மலைக்கோயிலோ செய்து வைப்பது பல வீடுகளில் வழக்கம். மணல் கொட்டி, கடுகோ கேழ்வரகோ தூவி முளைக்க வைத்து, நடுவில் கண்ணாடியைப் பதித்துக் குளமாக்கி, ஓரத்தில் அட்டை வீடுகளும் தெருவிளக்குகளும் நிற்கும். ஓய்வு பெற்ற பிறகு நாலைந்து வீடுகளின் விளக்கு வேலை என் கைக்கு வந்து சேர்ந்தது. கம்பியும் பற்றவைப்பும் எனக்குப் பிடித்த காரியம் என்பதால் நானும் மறுப்பதில்லை. அந்த வீடுகளைப் பார்த்துப் பார்த்து எனக்குள் உறுதியான அபிப்பிராயம் இது: சின்னப் பொம்மைகளுக்கு விளக்குப் போடுகிறவர் பவரைக் கேட்கக் கூடாது. முதலில் கோணத்தைக் கேட்க வேண்டும். அடுத்து, பல்பின் தலை தெளிவாக இருக்கிறதா, பால் நிறமாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். எவ்வளவு பிரகாசம் என்பது மூன்றாவது கேள்விதான்.

குண்டு பல்பு இருந்த நாளில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அப்போது கொலுவுக்கு சீரியல் செட்தான். ஆறு வோல்ட் பல்பு நாற்பதை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நேரே வீட்டு மின்சாரத்தில் மாட்டுவார்கள். ஒன்று போனால் மொத்தமும் அணையும். எது போனது என்று ஒவ்வொன்றாகத் திருகிப் பார்ப்பதிலேயே பாதி சாயங்காலம் போய்விடும். சூடு வேறு, அட்டை வீட்டுக்குள் வைக்கப் பயமாக இருக்கும். ஆனால் அந்தப் பல்பில் ஒரு நல்ல குணம் இருந்தது. உள்ளே இருக்கும் இழை எல்லாப் பக்கமும் ஒளி தரும். எப்படிச் சாய்த்து மாட்டினாலும் அக்கம்பக்கமெல்லாம் வெளிச்சம் படும். அதனால் கோணம் என்று ஒன்று இருப்பதையே நாம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எல்இடி வந்த பிறகும் பழைய பழக்கத்தில் அதை யோசிக்காமலே வாங்குகிறோம். சிக்கல் அங்கேதான்.

1962-இல் நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியைச் செய்து காட்டினார். பிறகு பல வருஷம் அது வெறும் அடையாள விளக்காகவே இருந்தது. வீட்டு வோல்டேஜ் ஸ்டெபிலைசரிலும் டேப் ரெக்கார்டரிலும் ஒரு சிவப்புப் பொட்டு எரியுமே, அதுதான். அறையின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் எரிகிறதா இல்லையா என்று தெரிய வேண்டும் என்பதற்காக அதன் பிசினில் நுண்ணிய தூளைக் கலந்து, ஒளி சிதறிப் பரவும்படி செய்திருந்தார்கள். அதைத்தான் கடையில் 'டிஃப்யூஸ்டு' என்கிறார்கள். 1990-களில் பிரகாசமான நீல எல்இடி வந்தது. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நாகாமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீலத்தின் மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சைத் தடவினால் வெள்ளை வெளிச்சம் பிறந்தது. அப்போதிலிருந்து எல்இடி அடையாளம் காட்டும் வேலையை விட்டு வெளிச்சம் தரும் வேலைக்கு வந்துவிட்டது. கண்ணாடிபோல் தெளிந்த தலையோடு 'சூப்பர் பிரைட்' என்ற பெயரில் கடைகளை நிறைத்ததும் அதற்குப் பிறகுதான்.

அந்தத் தெளிந்த தலை என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. உள்ளே இருக்கும் சின்னச் சில்லு தன் போக்கில் ஏறத்தாழ 120 டிகிரி அகலத்துக்கு ஒளி விடும். மேலே இருக்கும் உருண்டைத் தலை ஒரு லென்ஸ். அது அந்த ஒளியைக் கூட்டிப் பிடித்து 15 டிகிரிக்கோ 30 டிகிரிக்கோ சுருக்கி முன்னால் தள்ளுகிறது. பிரகாசத்தைக் குறிக்க அட்டையில் 'எம்சிடி' என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். அது மில்லிகேண்டலா, ஒரு திசையில் ஒளி எவ்வளவு அடர்த்தியாகப் போகிறது என்பதன் அளவு. மொத்தம் எவ்வளவு ஒளி வருகிறது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது லூமென். தோட்டக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் தூரமாகப் பீய்ச்சும். அதற்காகத் தொட்டியில் தண்ணீர் கூடிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு எல்இடி 15 டிகிரி, 10,000 எம்சிடி. இன்னொன்று 120 டிகிரி, 1,000 எம்சிடி. எண்ணைப் பார்த்தால் முதலாவது பத்து மடங்கு உசத்தி. உண்மையில் முதலாவது தரும் மொத்த ஒளி ஒரு லூமெனுக்கும் குறைவு. இரண்டாவது ஏறக்குறைய மூன்று லூமென் தருகிறது. 'பெரிய நம்பர்' பார்த்து வாங்குகிறவர் பல நேரம் குறைந்த வெளிச்சத்தைத்தான் வாங்கிக்கொண்டு போகிறார். ஒரே இடத்தில் குவிந்து குத்துவதால் அது அதிகம்போலத் தெரிகிறது.

இதையே பொம்மைக்கு மேல் வைத்துப் பார்ப்போம். ஒரு அடி உயரத்தில் எல்இடியைக் கீழ்நோக்கி மாட்டினால், 15 டிகிரி பல்பு தரையில் 8 சென்டிமீட்டர் வட்டம் போடும். ஒரு சின்னப் பொம்மையின் தலையும் தோளும்தான் அதில் அடங்கும். 60 டிகிரி என்றால் வட்டம் 35 சென்டிமீட்டர். 120 டிகிரி என்றால் ஒரு மீட்டரைத் தாண்டும். அட்டையில் போட்டிருக்கும் கோணத்தின் விளிம்பில் வெளிச்சம் பாதியாகக் குறைந்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அது கத்தி வைத்து வெட்டிய எல்லை இல்லை. அகலக் கோண பல்பில் இந்தக் குறைவு மெதுவாக நிகழும், கண் அதைக் கவனிக்காது. குறுகிய பல்பிலோ நடுவில் நீலம் தட்டிய பொட்டும் சுற்றி மஞ்சள் வளையமுமாக விழும். மலிவான வெள்ளை எல்இடியைச் சுவருக்கு நேரே பிடித்தால் இதை யாரும் பார்க்கலாம்.

இதெல்லாம் கணக்குதானே, ஒன்பது நாள் அலங்காரத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்கலாம். பொம்மையின் முகத்துக்காகக் கேட்கிறேன். பண்ருட்டியிலும் காஞ்சிபுரத்திலும் மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியிலும் களிமண்ணிலும் காகிதக்கூழிலும் பொம்மை செய்கிறவர்களின் திறமை எல்லாம் முகத்தில்தான் இருக்கிறது. கன்னத்தின் மேட்டில் ஒரு நிறம், பள்ளத்தில் இன்னொன்று. மெல்லிய தூரிகையால் புருவம், அதற்குக் கீழே கண். பளபளக்கும் பூச்சு வேறு இருக்கும். குறுகிய ஒளி அந்த மூக்கின் மேல் விழுந்தால் வெள்ளையாக ஒரு புள்ளி மின்னும். அதற்கு அப்பால் எல்லாம் கறுப்பு. நாலு பல்பு இருந்தால் நாலு நிழல், ஒன்றன்மேல் ஒன்று. பாட்டி காலத்து மரப்பாச்சிக்கும் செட்டியார் பொம்மைக்கும் நாம் செய்யும் மரியாதை, அவர்கள் முகம் தெரியும்படி வைப்பதுதான்.

இரண்டாவது காரணம், பார்க்க வருகிறவர்களின் கண். கொலுவுக்கு யார் வருகிறார்கள்? வயதான மாமிகளும் சின்னக் குழந்தைகளும்தான் அதிகம். வயதாக ஆக, கண்ணின் லென்ஸுக்குள் ஒளி சிதறுவது கூடும். எதிரே ஒரு கூசும் புள்ளி இருந்தால் பக்கத்தில் இருப்பதெல்லாம் புகைமூட்டமாகிவிடும். எனக்கே இப்போது அப்படித்தான். குழந்தைகளின் கதை வேறு. பூங்காவுக்கு முன்னால் மண்டி போட்டு உட்காரும் நாலு வயதுக் குழந்தையின் முகம் சரியாகத் தெருவிளக்கின் உயரத்தில் இருக்கும். தெளிந்த தலை பல்பைச் சாய்வாக மாட்டியிருந்தால் அது நேரே அந்தக் கண்ணுக்குள் பாயும். குழந்தை கையால் கண்ணை மறைத்துக்கொண்டு பின்வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். யாருக்காகச் செய்தோமோ அவரே பார்க்க முடியாவிட்டால் அந்த வெளிச்சம் எதற்கு?

சரி, எதை வாங்குவது? இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். அகலக் கோணம் என்பதும் டிஃப்யூஸ்டு என்பதும் ஒன்றல்ல. கடையில் இரண்டையும் குழப்பித்தான் பேசுவார்கள். அகலக் கோணம் என்றால் ஒளி நாலா பக்கமும் போகிறது. டிஃப்யூஸ்டு என்றால் பல்பின் தலை முழுவதும் ஒளிர்கிறது, உள்ளே இருக்கும் கூசும் புள்ளி தெரிவதில்லை. பால் நிறத் தலை இருந்தும் 30, 40 டிகிரியே தரும் பல்பு உண்டு. தலை தெளிவாக இருந்தும் 120 டிகிரி தரும் 'ஸ்ட்ரா ஹாட்' என்ற ரகமும் உண்டு. குட்டையாக, வட்டத் தொப்பி கவிழ்த்ததுபோல் இருக்கும். எனவே இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகவே கேட்க வேண்டும்.

நான் கடைப்பிடிக்கும் விதி எளிது. பல்பே கண்ணுக்குத் தெரியும் இடத்தில் டிஃப்யூஸ்டு. பல்பு மறைந்திருந்து வெளிச்சம் மட்டும் தெரியும் இடத்தில் அகலக் கோணம், தலை எப்படி இருந்தாலும் சரி.

தெருவிளக்கு, வாசல் விளக்கு, தேரின் முனையில் தொங்கும் விளக்கு இவையெல்லாம் முதல் வகை. பால் நிறத் தலை ஒரு சின்ன உருண்டை விளக்காகவே தோன்றும். கண்ணாடிக் குளத்தில் அதன் பிம்பம் நிலாபோல் விழும். தெளிந்த தலையோ குளத்துக்குள் இன்னொரு ஊசியை நிறுத்தும். அளவிலும் ஒரு அழகான பொருத்தம் உண்டு. அரை அடி, அதாவது 15 சென்டிமீட்டர் உயரப் பொம்மை, நம் உயரத்தில் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கு. 5 மில்லிமீட்டர் எல்இடியைப் பதினொரு மடங்கு பெருக்கினால் 55 மில்லிமீட்டர். நம் வீட்டுக் குண்டு பல்பின் அளவு கிட்டத்தட்ட அதுதான். மூன்று அங்குலப் பொம்மைகள் நிற்கும் பூங்காவுக்கு 3 மில்லிமீட்டர் சரியாக இருக்கும். ரயில் மாதிரி செய்கிறவர்கள் 87-இல் ஒரு பங்கு அளவில் வேலை செய்வார்கள். அங்கே 5 மில்லிமீட்டர் பல்பு, முக்கால் ஆள் உயரக் கம்பத்தில் பூசணிக்காயைச் சொருகியதுபோல் ஆகிவிடும். அவர்களுக்கு 0603 என்ற கடுகளவு எஸ்எம்டி எல்இடிதான் வழி. 1.6 மில்லிமீட்டர் நீளம், 0.8 மில்லிமீட்டர் அகலம்.

வீட்டுக்குள், கோயில் மண்டபத்துக்குள், மேடைக்குள் என்றால் இரண்டாவது வகை. ஸ்ட்ரா ஹாட் போதும். 12 வோல்ட் நாடாவில் வரும் 2835 எஸ்எம்டியும் நல்லது. அதில் லென்ஸே கிடையாது, இயல்பிலேயே 120 டிகிரி. மூன்று எல்இடிக்கு ஒரு இடத்தில் வெட்டிக்கொள்ளக் கோடு போட்டிருக்கும். பல்பை முன்னால் காட்டாமல் கூரையைப் பார்த்துத் திருப்பி வைத்து, உட்கூரைக்கு வெள்ளைக் காகிதம் ஒட்டிவிட்டால், ஜன்னல் வழியே வெளிச்சம் வீட்டில் ஆள் இருப்பதுபோல் கசியும். தெர்மாகோல் சுவர் என்றால் ஒளி ஊடுருவி வீடே விளக்காகிவிடும். உள்பக்கம் முதலில் கறுப்புக் காகிதம், அதற்கு மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டுங்கள்.

படிகளுக்கு நாடா போடுகிறவர்கள் பெரும்பாலும் படியின் முன்விளிம்பில் மேல்நோக்கி ஒட்டுகிறார்கள். முகவாயிலிருந்து வெளிச்சம் ஏறினால் மகாலட்சுமியும் பயமுறுத்துவாள். முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் நிற்கும் கம்புகளில் நாடாவை நெட்டாக ஒட்டி, பொம்மைகளைப் பார்த்துச் சாய்த்து, மேலே பால் நிற மூடி போடுவது நல்லது. மீட்டருக்கு 60 எல்இடி இருக்கும் நாடாவில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 17 மில்லிமீட்டர் இடைவெளி. மூடி குறைந்தது அவ்வளவு தூரமாவது தள்ளி இருந்தால்தான் புள்ளிகள் கலந்து ஒரே கோடாகும்.

நிறத்தில் எனக்குத் தயக்கமே இல்லை, 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான மஞ்சள் கலந்த வெள்ளைதான். மஞ்சள், குங்குமச் சிவப்பு, சந்தன நிறம் இவையே நம் பொம்மைகளின் உடம்பு. 6500 கெல்வின் வெள்ளையில் அவை சோகை பிடித்ததுபோல் வெளுக்கும்.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு. குறுகிய கோணத்துக்கு அதற்கே உரிய இடங்கள் இருக்கின்றன. கோபுரத்தின் அடியிலிருந்து கலசத்துக்கு ஒளி ஏற்றவோ, பொம்மைக் காரின் முன்விளக்குக்கோ, கலங்கரை விளக்கத்துக்கோ, இருட்டான குகைக்குள் ஒரே ஒரு சிலையைக் காட்டவோ 15 டிகிரி பல்புக்கு ஈடு இல்லை. அவை ஒரு கொலுவில் இரண்டு மூன்று இடம் வரலாம். நாற்பது இடம் வராது. பால் நிறத் தலை ஒளியில் கொஞ்சத்தை விழுங்குகிறது என்பதும் உண்மைதான். ஆனால் ஒரு சாண் தூரத்துக்கு வெளிச்சம் போடும் வேலையில் அந்த இழப்பு ஒரு பொருட்டே இல்லை.

வீட்டில் ஏற்கெனவே நூறு தெளிந்த பல்பு கிடக்கிறதே என்பவர்கள் அவற்றைத் தூக்கிப் போட வேண்டாம். உப்புத்தாளால் தலையை நன்றாகத் தேய்த்து மங்கலாக்கினால் போதும், லென்ஸின் வேகம் பாதி அடங்கிவிடும். பட்டர் பேப்பரில் குல்லாய் செய்து கவிழ்க்கலாம். கிறிஸ்துமஸுக்கு வாசலில் கட்டும் காகித நட்சத்திரத்தைப் பாருங்கள். உள்ளே எந்தப் பல்பு இருந்தாலும் வெளியே தெரிவது நட்சத்திரம்தான், காகிதமே ஒளியைப் பரப்பிக் கொடுத்துவிடுகிறது. குடில் வைக்கிறவர்களுக்கு இந்த வித்தை நம்மைவிட நன்றாகத் தெரியும்.

மின்சாரத்தையும் குறையுங்கள். 5 மில்லிமீட்டர் எல்இடிக்கு 20 மில்லிஆம்ப் கொடுக்கலாம் என்று போட்டிருக்கும். கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. 5 மில்லிஆம்ப் பொம்மை வீட்டுக்குத் தாராளம். கைப்பேசி சார்ஜரின் 5 வோல்ட்டில் வெள்ளை எல்இடி ஒன்றுக்கு 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. 12 வோல்ட் அடாப்டர் என்றால் மூன்று வெள்ளை எல்இடிகளை வரிசையாகக் கோத்து 330 ஓம். ஒவ்வொரு வரிசைக்கும் தனி ரெசிஸ்டர் வேண்டும்.

இந்தக் குறைந்த வோல்ட்டேஜ் விஷயத்தில் மட்டும் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை. இன்று விற்கும் எல்இடி சீரியல் செட்டுகளில் பலவும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேரே 230 வோல்ட்டில் ஓடுபவை. பல்பு சின்னதாக இருப்பதால் கம்பியும் சாதுவானது என்று நினைத்துவிடுகிறோம். பூங்காவில் முளைப்பயிருக்குத் தினமும் தண்ணீர் தெளிக்கிறோம், ஈர மணலில் கம்பி புதைந்திருக்கிறது, குழந்தைகள் பொம்மையை எடுத்து எடுத்து வைக்கிறார்கள். அந்த இடத்தில் 230 வோல்ட் வரவே கூடாது. "வருஷா வருஷம் இதைத்தான் போடறோம், ஒண்ணும் ஆகலையே" என்று சொன்ன வீட்டில், அடாப்டர் வாங்கி வந்தால் ஒழிய விளக்கு வேலையைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலமே வாங்கி வந்தார்கள்.

கடைக்குப் போகும்போது சிஆர் 2032 என்ற வட்ட பேட்டரி ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டு கோணமும் எம்சிடியும் விசாரிக்க முடியாது. எல்இடியின் இரண்டு காலுக்கும் நடுவே பேட்டரியைச் செருகுங்கள், நீளக் கால் பிளஸ் பக்கம். கையிலிருக்கும் துண்டுச்சீட்டில் வெளிச்சத்தை விழவிடுங்கள். நடுவில் பொட்டு விழுந்தால் அது உங்களுக்கு வேண்டாம். சீட்டு முழுவதும் ஒரே சீராக மலர்ந்தால் சரி. பிறகு பல்பைப் பக்கவாட்டில் திருப்பி, தலையை மட்டும் பாருங்கள். கண் கூசாமல் பார்க்க முடிகிறதா? அப்படியென்றால் தெருவிளக்குக்கு இருபது, இருட்டில் ஒன்றிரண்டு போனாலும் மாற்றிக்கொள்ள இன்னும் ஐந்து, சேர்த்து வாங்கிவிடுங்கள். ஒன்று ஓரிரு ரூபாய்தான்.

கொலு வைத்த முதல் நாள் சாயங்காலம் வருகிறவர்கள் "லைட் பிரமாதம்" என்று சொன்னால் நான் கொஞ்சம் கவலைப்படுவேன். "இந்த யசோதை பொம்மை போன வருஷமும் இருந்ததா? நான் கவனிக்கவே இல்லையே" என்று யாராவது கேட்டால், விளக்கு சரியாக அமைந்துவிட்டது என்று அர்த்தம்.